மற்றவரின் டச்சைச் சொல்லக்கூடாது

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், புடைவைக்கடை ஒன்றின் மூன்றாம் மாடியில் தடியால் பந்தை அடித்து மேசை ஓட்டைகளில் விழுத்தும் பில்லியட்ஸ் மேசைகள் ஐந்து இருக்கின்றன. நான்கு என்றுதான் சொல்லவேண்டும். ஐந்தாவது மேசை ஒரு பக்கம் சரிந்தது, பந்தைச் சும்மா வைத்தாலே அது கடலைப் பார்த்து உருளும். நாலு வருடமாக அங்கே போய்வருகிறேன். அங்குள்ள பெடியன்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டம் 'ரூல்ஸ் அங்கிள்'. முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்குக் காது நல்லாகக் கேட்கும்.

பட்டம் வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். மீன் ரோல்ஸ் தின்ற கையோடு மேசையின் பச்சைத் துணியைத் தடவுகிறவனைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. மேசை விளிம்பில் ஐஸ் கோப்பி வைக்கிறவன், அடுத்த மேசைக்காரன் குனிந்து குறிபார்க்கும்போது அவன் கண்ணுக்கு நேரே போய் நின்று போன் பார்க்கிறவன், தடி நுனிக்குப் பூசும் சோக்கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன், இவர்களை எல்லாம் என்ன செய்வது? ஒருவன் மேசையில் ஏறிக் குந்தியிருந்து செல்பி எடுத்தான். "இறங்கும் தம்பி, இது உம்மட மாமியார் வீட்டுக் கட்டில் இல்லை" என்றேன். இறங்கினான். அன்றிலிருந்து என்னைக் கண்டால் அவனுடைய கூட்டாளிகள் 'மாமியார்' என்று கிசுகிசுத்துச் சிரிப்பார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் நான் சிரிக்கவிடுவதில்லை. அங்கே நடுவர் என்று எவரும் கிடையாது. அடிக்கக் குனியும்போது சட்டையோ கையோ ஏதாவது ஒரு பந்தில் பட்டுவிட்டால் அதை 'டச்' என்போம். பட்டவர்தான் கையைத் தூக்கி 'டச்' என்று சொல்லவேண்டும், உடனே முறை மற்றவருக்குப் போய்விடும். எதிரே நிற்பவர் கண்டாலும் காணாத மாதிரி நிற்கவேண்டும். மற்றவருடைய டச்சை நாம் சொன்னால், நாலு பேர் முன்னால் அவரைக் கள்ளன் என்று சொன்னதாகிவிடும். இதை அந்தப் பெடியன்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "தம்பி, அவன்ர டச்சை அவன் சொல்லுவான். அவனுக்கு நேரம் குடு. நீ வாயை மூடிக்கொண்டு சீலிங்கைப் பார்" என்பேன். மூன்றாம் மாடியில் இருந்த சீலிங் விசிறிகளை அவர்கள் எல்லோரும் என் புண்ணியத்தில் நன்றாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இடத்துக்கு இன்னொரு சட்டம் இருந்தது. அதுதான் எனக்குச் சரிவராத சட்டம். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தனி ஆளுக்கு மேசை கிடையாது. முகாமையாளர் ஒரு சிங்கள மனிதர், நாற்பது வயது இருக்கும், மரியாதையானவர். "தனியம பே அங்கிள், தென்னெக் ஓனே" என்பார். தனியாக முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஆட்கள் வரிசையில் நிற்கும்போது ஒரு கிழவன் மேசையைப் பிடித்துக்கொண்டு தன்னோடு தானே ஆடுவது சரியில்லைதான். நியாயம் எனக்கு விளங்கும். ஆனால் அறுபத்துமூன்று வயதில் இரண்டாவது ஆளுக்கு நான் எங்கே போவது?

என் மனைவி மகளின் பிள்ளைப்பேறு பார்க்க ஆறு மாதத்துக்கென்று கனடா போனவர். அந்தப் பிள்ளை இப்போது நேர்சரிக்குப் போகிறது. ஒவ்வோர் ஆறு மாதம் முடியும்போதும் இன்னோர் ஆறு மாதம் வரும். கோபிக்கவும் வழியில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யார் பார்ப்பது? என்னையும் வரச்சொன்னார்கள், போனேன், ஒரு பனிக்காலம் முழுக்கக் கண்ணாடி யன்னலுக்குள் இருந்துவிட்டுத் திரும்பிவந்தேன். இப்போது மூன்று அறை ஃபிளாட்டில் நான் மட்டும். லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள், பிறகு தங்கள் மாடியில் இறங்கிவிடுவார்கள். சில நாட்களில் பின்னேரம் வரை நான் வாயே திறந்திருக்கமாட்டேன். அப்படியான நாட்களில் முதலில் வரும் குரல் எனக்கே அந்நியமாக இருக்கும்.

ஒருநாள் மூன்று மணிக்கு முகாமையாளரோடு என் அரைகுறைச் சிங்களத்தில் வாதாடிக்கொண்டு நின்றபோது அந்த மனிதர் படியேறி வந்தார். ஏறத்தாழ என் வயது. வெள்ளை முழுக்கைச் சட்டை, அந்த வெக்கையிலும் மணிக்கட்டு வரை பொத்தான் பூட்டியிருந்தார். கையில் மூக்குக்கண்ணாடிக் கடைப் பை. சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "நான் ஆடுறேன் அண்ணே, வாங்க" என்றார். அன்று ஆடினோம். அடுத்த நாளும் வந்தார். அதன்பிறகு மூன்று வருடம், வார நாட்களில் மூன்று மணி என்றால் நாங்கள் இரண்டு பேரும் இரண்டாம் மேசையில் நிற்போம்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். கொட்டாஞ்சேனையில் பெரிய கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில் வீடு. கோயில் என்றால் அவர்களுக்கு மாதா கோயில். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் தெரியாது. முதல் நாள் கேட்கத் தோன்றவில்லை, இரண்டாம் கிழமை கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்டால் வெட்கக்கேடு. நான் அவரை 'ஐசே' என்பேன், அவர் என்னை 'அண்ணே' என்பார், வேலை நடந்தது. போன் நம்பரும் வாங்கிக்கொள்ளவில்லை. நாளைக்கு வரப்போகிறவருக்கு எதற்குப் போன்?

அடிப்பதற்கு முன் அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். பந்து ஓட்டை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தாலும் போடுவார். "ஐசே, இதுக்குமா? ஆண்டவருக்கு வேற வேலை இல்லையே?" என்று நான் சீண்டுவேன். "அவருக்கு வேலை இருக்கு அண்ணே. ஆனா ஒரு கண்ணு இங்கயும் இருக்கும்" என்பார். மெதுவாக ஆடுவார். என்னை விட நன்றாக ஆடுவார் என்பதையும் சொல்லித் தொலைக்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் வென்றாலும் தோற்றாலும் கை நீட்டுவார். கைகொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் பந்துகளை அடுக்குவோம். ஒன்றரை மணித்தியாலம். ஒரு நாளில் நான் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கும் நேரம் அவ்வளவுதான்.

அதை நானே கெடுத்தேன்.

பொங்கலுக்கு வருவதாக இருந்த மனைவி அன்று காலை போன் எடுத்து, இப்போதைக்கு வர ஏலாது, சித்திரைக்குப் பார்ப்பம் என்றார். நான் "சரி" என்றேன். வேறு என்ன சொல்வது? கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி வைத்திருந்தேன், அதைச் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடவும் மனம் வரவில்லை. அந்த வயிற்றோடும் அந்த மனதோடும் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். ஏறி, அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றேன். பக்கத்து மேசைப் பெடியன்கள் வேறு எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

நாலாவது ஆட்டத்தில் அவருக்குக் கடைசிக் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம், அதை விழுத்தினால் வெற்றி. எனக்கு இன்னும் ஒரு மஞ்சள் கிடந்தது. கறுப்பு தூரத்து விளிம்பில் கிடந்தது. அவர் மேசைக்கு மேலே நன்றாகச் சாய்ந்து கையை நீட்டினார். அந்த நீளக்கைச் சட்டையின் பொத்தான் என் மஞ்சளில் பட்டது. பந்து ஒரு நெல்லளவு அசைந்தது. கண்ணால் கண்டேன்.

"டச்!" என்று கத்தினேன். "டச்! டச், ஐசே!"

எல்லா மேசைகளிலும் ஆட்டம் நின்றது. அதோடு விட்டிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். என் வாய் நிற்கவில்லை. "மூண்டு வருஷமா இப்பிடித்தானே வெண்டனீர்?" என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கியூத்தடியைக் கொண்டுபோய்ச் சுவரில் அதன் இடத்தில் வைத்தார். லேஞ்சியை எடுத்து விரலில் இருந்த சோக்குத் தூளைத் துடைத்தார். பிறகு வழக்கம்போல என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு விசிறியைப் பார்த்தேன். அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது, மூன்று மாடியும் கேட்டது.

அடுத்த நாள் வரவில்லை. வரட்டும், வந்து ஒரு சொல்லுச் சொல்லட்டும் என்று வீறாப்பாக இருந்தேன். ஒரு கிழமை போனது. "தென்னெக்?" என்று முகாமையாளர் இரண்டு விரலைக் காட்டுவார். நான் சுவரோர வாங்கில் போய் உட்காருவேன். ஒருநாள் கந்தோர் வேலை முடிந்து வந்த ஆள் ஒருவர் என்மேல் இரங்கி ஓர் ஆட்டம் போட்டார், முழு ஆட்டமும் காதில் போனை வைத்துக்கொண்டு. இன்னொரு நாள் ஒரு பெடியன் சுவிங்கம் மென்றுகொண்டு ஆடினான், பாதியில் அவனுடைய ஆட்கள் வந்ததும் "சொறி அங்கிள்" என்று போய்விட்டான்.

முகாமையாளருக்கே பொறுக்காமல், காலை பத்து மணிக்கு வாருங்கள், அப்போது ஆட்கள் இல்லை, தனியாக ஆடலாம் என்றார். போனேன். ஐந்து மேசை, ஒரு மனிதன். என் முறையும் ஆடினேன், அவருடைய முறையும் ஆடினேன். என் பக்கம் வென்றால் சந்தோஷம் வரவில்லை. அவர் பக்கம் வென்றால் கோபம் மட்டும் சரியாக வந்தது. மூன்றாம் நாளோடு அதையும் விட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது கிழமை, மாமியார் வீட்டுக் கட்டில் என்று நான் ஏசிய அந்த செல்பிப் பெடியன் வாங்குக்கு வந்தான். "அங்கிள், ஒண்டு காட்டட்டோ?" நான் கத்திய அன்று அவனுடைய கூட்டாளி அடித்த அடியொன்றை அவன் போனில் வீடியோ எடுத்திருக்கிறான். பின்னால் எங்கள் மேசையும் விழுந்திருக்கிறது. விரலால் பெரிதாக்கிக் காட்டினான். வெள்ளைச் சட்டைக் கை, மஞ்சள் பந்து, பந்து அசைகிறது, என் குரல். "நீங்க சொன்னது சரி அங்கிள். பட்டிருக்கு."

"பாத்தியா!" என்று துள்ளி எழுந்தேன். "பாத்தியா! நான் அப்பவே சொன்னனான்!" வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அன்றிரவு அதை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. மனைவிக்கும் போனில் சொன்னேன். "என்னப்பா டச்சு? நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்றார். சரிதான். இதை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் கொழும்பில் ஒருவர்தான் இருந்தார். நியாயம் கேட்க அவரிடமே போவது என்று தீர்மானித்தேன். நியாயம் கேட்க என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனையில் போய் இறங்கினேன். நல்ல வெயில். கோயில் மதிலோரம் பேக்கரி ஒன்றில் கேட்டேன்: துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், நீளக்கைச் சட்டை போடுவார், வீடு எங்கே? பேக்கரிக்காரர் சிரித்தார். "இங்க பாதிப்பேர் ஹாபர்ல இருந்தவங்கதானே. பேர் என்ன?" பெயருக்கு நான் எங்கே போவேன்? மூன்று வருடம் கூட ஆடியவரின் பெயர் தெரியாது என்று சொல்ல நாக்கூசியது. இரண்டு ஒழுங்கை ஏறி இறங்கினேன். மூன்றாவது ஒழுங்கையில் நிற்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. பந்தோடு பந்து மோதும் சத்தம். அது எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும்.

கராஜ் ஒன்றின் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறை. ஒரேயொரு மேசை, துணி வெளுத்துப்போனது. சுற்றி எங்கள் வயதில் நாலைந்து பேர். அவர் வெள்ளைச் சட்டையோடு கியூத்தடிக்குச் சோக் பூசிக்கொண்டு நின்றார்.

"அட, அண்ணே!" என்று ஓடிவந்தார். "வாங்க, வாங்க. என்ன இந்த வெயில்ல? உக்காருங்க." கதிரையைத் துடைத்துப் போட்டார். யாரிடமோ எனக்குப் பிளேன்டீ சொன்னார். நான் தேநீரைத் தொடவில்லை. ஒரு சுகம்கூட விசாரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டினேன்.

"இதைப் பாரும்."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா அண்ணே. பட்டிருக்கு."

"பட்டதுதானே?"

"பட்டதுதான். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் ஐசே சொல்லேல்லை?" குரல் உயர்ந்துவிட்டது. மேசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கி மறுபடி ஓடவிட்டார். வலது கைச் சட்டையைக் காட்டவில்லை. மேசையில் ஊன்றியிருந்த இடது கையில் விரலை வைத்தார். "இந்தக் கையைப் பாருங்க அண்ணே."

பார்த்தேன். பந்து அசைகிறது. இடது கை துணியை விட்டுக் கிளம்புகிறது. விரல்கள் விரியத் தோள் உயரத்துக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் என் குரல் வருகிறது. ஐம்பது தரமாவது பார்த்திருப்பேன். ஐம்பது தரமும் அந்தப் பொத்தானை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

"தூக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் அவர். "நீங்க நேரம் குடுக்கல."

என்னை ரூல்ஸ் அங்கிள் என்று சொல்கிறவர்கள் அப்போது என் மூஞ்சியைப் பார்த்திருக்கவேண்டும். "பிழை என்னிலதான் ஐசே" என்றேன். "அந்த மூண்டு வருஷக் கதை சொன்னது அதைவிடப் பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளும்." இப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்தது என்று நான் சத்தியம் பண்ணிச் சொன்னாலும் என் மனைவி நம்பமாட்டார்.

"சேச்சே, அதை விடுங்க அண்ணே. நான் அன்னைக்கே விட்டுட்டேன்." மெய்யாகவே விட்டிருந்தார், முகத்தில் தெரிந்தது. எனக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கினதுபோல இருந்தது. தேநீரை எடுத்துக் குடித்தேன்.

"அப்ப நாளைக்கு மூண்டு மணிக்கு வாறீர்தானே?"

அவர் கியூத்தடியைப் பார்த்தார். "இல்லண்ணே. இனி இங்கதான் ஆடுறேன்."

"இஞ்ச எப்ப மேசை போட்டவங்கள்?"

"இது இருக்குது பத்துப் பதினஞ்சு வருஷமா. நம்ம வீடு அந்தா, அந்த நீலக் கேட்டு."

எட்டிப் பார்த்தேன். இருபது அடி இருக்காது. வாசலில் அவருடைய இன்னொரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், புறக்கோட்டைச் சனத்துக்குள்ளே, மழையிலும் வெயிலிலும், மூன்று வருடம். "அப்ப என்ன விசருக்கு ஐசே வெள்ளவத்தைக்கு வந்தனீர்?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், என் குரல் அப்படி.

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. சோக்கட்டியை உருட்டிக்கொண்டு நின்றார். சொல்லாமல் விடப் பார்த்தார், நான் விடவில்லை.

"கண்ணாடி எடுக்க வந்த அன்னைக்கு மேல மேசைச் சத்தம் கேட்டுச்சு, சும்மா பாக்கலாம்னு ஏறினேன். நீங்க ஆள் இல்லாம அந்த மனுஷனோட மல்லுக்கட்டிட்டு நின்னீங்க. வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. நாளைக்கும் இந்த ஆள் இப்பிடித்தானே போய் நிப்பாருன்னு." அவ்வளவுதான் சொன்னார். "அதான் வந்தேன்."

அந்த மூன்று வருடமும் நான்தான் அவருக்கு ஒரு பொழுதுபோக்குக் கொடுக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கூட ஆடுவதற்கு ஓர் ஒழுங்கான ஆள் கிடைத்தது அவருடைய அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். இனி ஒன்றும் கேட்கக்கூடாது, எழுந்து போய்விடவேண்டும் என்று தெரிந்தது. எழுந்தேன். போகாமல் நின்றேன்.

"நாளைக்கும் அப்பிடித்தான் ஐசே நிப்பன்" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன்.

அவர் என் தோளில் கையை வைத்தார்.

"தெரியும் அண்ணே" என்றார்.

மேசையில் இருந்தவர்கள் அவருடைய முறை என்று கூப்பிட்டார்கள். கையை எடுத்துக்கொண்டு ஆடப் போனார்.